ஜெபக்கூட்டம் நடத்த ஆரம்பிச்சிருக்கிற தம்பிங்களுக்கு: நான் பண்ண தப்ப நீங்களும் பண்ணாதீங்க

போன மாசம் ஓசூர்ல ஷிப்ட் வேல பாக்குற ஒரு தம்பி, எங்க பாலக்கோடு பக்கத்து பையன்தான், வாடகை வீட்ல வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் ஆரம்பிச்சான். மூணு வாரம் கூட ஆகல, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "நான் ஜெபித்த சகோதரிக்கு வேலை கிடைத்தது, மகிமை தேவனுக்கே"ன்னு போட்டுட்டான், கீழ அவன் போட்டோ, கைய தூக்கி கண்ண மூடிட்டு நிக்கிற போட்டோ. வேல கெடச்ச பொண்ண போட்டோல காணோம். பாத்ததும் எனக்கு சுருக்குன்னுச்சு, ஏன்னா வாட்ஸ்அப்பே இல்லாத காலத்துல நானும் இதேதான் பண்ணிட்டு திரிஞ்சேன்.

நான் பாஸ்டர் கெடையாது. மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், சாயங்காலம் கடைய சாத்திட்டு வீட்டு ஜெபத்துக்கு போவேன், இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஜெபத்துல தூங்குறது, நடுவுல போன் எடுத்து பாக்குறது, லேட்டா வர்றது இதெல்லாம் எழுதப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும். தப்புன்னே தெரியாம பண்றது இருக்கு பாருங்க, அத மட்டும் சொல்றேன்.

ஸ்தோத்திரத்த கமா மாதிரி போடுறது

"ஆண்டவரே ஸ்தோத்திரம், இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே, இந்த நேரத்துக்காக ஆண்டவரே ஸ்தோத்திரம்"னு ஓட்டுறது. அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியாதப்ப வாய்க்கு ஒரு வேல குடுக்குறோம், அவ்ளோதான். நானும் அப்படி இருந்தவன்தான், ஒரு நாள் என் பொண்ணு, அப்ப மூணாங்கிளாஸ், நான் எத்தன தடவ "ஆண்டவரே" சொன்னேன்னு விரல் விட்டு எண்ணிட்டு வந்து சொன்னா, அதுல இருந்து கொறஞ்சுது. மத்தேயு 6-ல வீண் வார்த்தைகள அலப்பாதீங்கன்னு இயேசு சொன்னது நமக்குத்தான்.

ஸ்தோத்திர பலி புக்க பத்தியும் இங்கயே சொல்லிடறேன். ஆயிரம் ஸ்தோத்திரம் இருக்கும் அதுல, நல்ல புக்குதான், ஒவ்வொரு வரியும் தேவனோட ஒரு பேரு இல்லன்னா அவர் செஞ்ச ஒரு காரியம். ஆனா அத ரயில புடிக்க ஓடுற மாதிரி படிச்சு முடிச்சுட்டு "இன்னைக்கு ஆயிரமும் முடிச்சாச்சு"ன்னு சொல்றதுல என்ன இருக்கு? பத்து வரி போதும். "சிருஷ்டிகரே"ன்னு ஒரு வரி வந்தா கொஞ்சம் நிறுத்தி, ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு அப்புறம் அடுத்த வரிக்கு போங்க.

"மகிமை"ங்கிற வார்த்தைக்கு எபிரெயத்துல கபோத்னு சொல்றாங்க, அதோட வேர் கனம், பாரம்ங்கிற அர்த்தத்துல வரும். நம்ம தமிழ்ல இது இன்னும் அழகா உக்காருது, கனம்னா எடையும்தான் மரியாதையும்தான். அப்ப தேவனுக்கு மகிமை செலுத்துறதுன்னா அவருக்கு உள்ள எடைய அவருக்கே குடுக்குறது. தராசுல எந்த தட்டுல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாக்குறது. இத மனசுல வச்சுக்கங்க, கீழ ஒரு கத சொல்லப்போறேன், அதுக்கு வேணும்.

ஜெபத்துக்குள்ள அடுத்தவங்கள குத்துறது

"ஆண்டவரே, காணிக்கை குடுக்க மனசில்லாதவங்கள தொடும், டிவி முன்னாடி உக்காந்திருக்கிற சகோதரிகளோட கண்கள திறந்தருளும்." இத கேட்டு அந்த சகோதரிக்கு தெரியாதா நீங்க யார்கிட்ட பேசுறீங்கன்னு? தேவன தபால்காரர் ஆக்காதீங்க. சொல்லணும்னா கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது நேரா போயி சொல்லுங்க, அதுக்கு தைரியம் இல்லன்னா கம்முனு இருங்க.

பைபிள் தமிழ் வராதவங்கள ஜெபிக்க விடாம வச்சிருக்கிறது

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்ல தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க நெறைய. அப்படி ஒரு அக்கா ஆறு மாசமா எங்க கூட்டத்துக்கு வந்துட்டு வாயே தொறக்கல, கேட்டா "எனக்கு தேவரீர் எல்லாம் வராதுங்கண்ணா"ன்னாங்க. உங்க வீட்ல அம்மாகிட்ட எப்படி பேசுவீங்களோ அப்படியே பேசுங்கன்னு சொன்னதுக்கு தெலுங்குல நாலு வரி ஜெபிச்சாங்க பாருங்க, எனக்கு பாதி புரியல, ஆனா அன்னைக்கு அங்க இருந்ததுலயே அதுதான் ஜெபம்.

இப்ப அந்த கத. தண்ணி வந்துச்சுன்னா அது உங்களுக்கு சர்டிபிகேட் இல்ல

2003. மழை பொய்ச்சு போயி எங்க பக்கம் கெணறு எல்லாம் பள்ளமா கெடந்த நேரம். தருமபுரி காரங்களுக்கு சொல்ல வேணாம், மத்தவங்களுக்கு சொல்றேன், இங்க பூமிக்கு கீழ பூரா கெட்டிப் பாறை. பாறைல எங்க வெடிப்பு இருக்கோ அங்கதான் தண்ணி நிக்கும், அதனால பத்தடி தள்ளி போட்ட போர்ல தண்ணி கொட்டும், இங்க போட்டா தண்ணி இல்லாம வெறும் தூசிதான் புகையா பறக்கும். ஒரு போர் போடுறதுங்கிறது அப்பவும் சரி இப்பவும் சரி ஒரு குடும்பத்தோட மொத்த காசையும் பூமிக்குள்ள விடுறது.

எங்க சபைல ஒரு பெரியவர், எனக்கு பெரியப்பா முறை வேணும், போர் போடப்போறேன் வந்து ஜெபிங்கன்னு கூப்ட்டாரு. போனோம். தண்ணி இருக்கும்னு ஒரு பாயிண்ட் ஏற்கனவே பாத்து வச்சிருந்தாங்க, அந்த எடத்துல நின்னு எல்லாரும் ஜெபிச்சோம், ரெண்டு பாட்டிங்க காலைல இருந்து உபவாசம் வேற. நான் மண்ணுல கைய வச்சு ஜெபிச்சேன். போர் போடுற திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்துச்சு, 380 அடில ரெண்டு இஞ்ச் தண்ணி அடிச்சுது. நான்தான் மோட்டாரும் எறக்கி குடுத்தேன். அந்த தண்ணி மூஞ்சில தெறிச்சப்ப எனக்குள்ள ஏதோ ஒண்ணு பெருசாச்சு, அது பரிசுத்த ஆவின்னு நெனச்சேன். இல்ல.

அடுத்த ஞாயித்துக்கெழம சாட்சி சொன்னேன். "நான் கைய வச்சு ஜெபிச்ச எடத்துல தண்ணி வந்துச்சு, மகிமை கர்த்தருக்கே." கவனிச்சு பாருங்க, வாக்கியத்தோட கடைசில கர்த்தர ஒரு ஓரமா உக்கார வச்சிருக்கேன். பாட்டிங்க உபவாசம் எங்க போச்சு? பாயிண்ட் பாத்தவரு? பெரியப்பா? எல்லாரும் கழண்டுட்டாங்க. அப்புறம் காரிமங்கலம், மாரண்டஹள்ளின்னு எங்க கூப்ட்டாலும் போயி அதையே சொன்னேன், ஒவ்வொரு தடவையும் கத கொஞ்சம் வளரும். ரெண்டு இஞ்ச் மூணு இஞ்ச் ஆச்சு. 380 அடி முன்னூறாச்சு. நான் பொய் சொல்றேன்னே எனக்கு தோணல, கர்த்தருக்கு மகிமை கூடுதுன்னு நெனச்சேன்.

இத கேட்டுட்டு ஒருத்தர் வந்தாரு. ரெண்டு ஏக்கர், பொண்டாட்டி நகைய அடகு வச்சு காசு ரெடி பண்ணி வச்சிருந்தாரு. வந்து "பிரதர், நீங்க ஜெபிச்சு எடத்த காட்டுங்க"ன்னாரு. ஜெபிங்கன்னு மட்டும் கேட்டிருந்தா பரவால்ல, எடத்த காட்டுங்கன்னு கேட்டாரு. காட்டினேன்! அவரு ஏற்கனவே ஆள வச்சு கெழக்கு மூலைல பாயிண்ட் பாத்து கல்லு நட்டு வச்சிருந்தாரு, நான் அத விட்டுட்டு புளியமரத்து பக்கத்துல போயி நின்னு "இங்க கர்த்தர் காட்டுறாரு"ன்னேன். கர்த்தர் ஒண்ணும் காட்டல. புளியமரம் பச்சையா இருந்துச்சு, கீழ ஈரம் இருக்கும்னு எனக்கு தோணுச்சு, அதுக்கு கர்த்தர் பேர போட்டேன்.

ராத்திரி பூரா ஓட்டுனாங்க. 500 அடி தாண்டியும் புகைதான். நிறுத்திடலாம்னு ரிக் காரரே சொன்னாரு, நான்தான் இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட போடுங்கன்னேன். 760 அடி. மாவு மாதிரி தூசி, எங்க எல்லாரு தலையிலயும் வெள்ளையா. போருக்குள்ள எறக்குற கேசிங் குழாய் எல்லாம் சேத்து அம்பதாயிரத்துக்கு மேல போச்சு, 2003-ல அம்பதாயிரம்.

இதுவரைக்கும் பண்ணதையாவது மன்னிக்கலாம், அடுத்து நான் சொன்னதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. விடியக்காலைல அந்தாளு அப்படியே வரப்புல உக்காந்திருக்காரு, நான் கிட்ட போயி "உங்க வீட்ல யாருக்கோ விசுவாசம் பத்தல"ன்னேன். அதாவது தண்ணி வந்தா என் ஜெபம், வரலைன்னா அவங்க விசுவாசம். இந்த கணக்கு எப்படி இருக்கு பாருங்க, எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்கு நஷ்டமே இல்ல. அப்போஸ்தலன் பவுல் தன் உடம்புல முள்ளு மாதிரி இருந்த வேதனை எடுபடணும்னு மூணு தடவ கேட்டும் எடுபடல, "என் கிருபை உனக்குப் போதும்"னு பதில் வந்துச்சு, அவருக்கா விசுவாசம் பத்தல?

அந்தாளு அதுக்கப்புறம் சபை பக்கமே வரல. கொஞ்ச நாள்ல பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போயிட்டாரு. அவங்க வீட்டம்மா மட்டும் வருவாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு நான் போயி மன்னிப்பு கேட்டப்ப அவங்க சொன்னாங்க, "நகைய கூட விடுங்க, யாருக்கு விசுவாசம் பத்தலன்னு எங்க வீட்ல ஒரு வருஷம் சண்ட." நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன், உள்ள வாங்கன்னு கூட என்னால எதிர்பாக்க முடியல. வர சொல்லி களி போட்டாங்க.

அப்புறம்தான் எண்ணாகமம் 20 ஒழுங்கா படிச்சேன். மெரிபால ஜனங்களுக்கு தண்ணி இல்ல. கன்மலைய பாத்து பேசுன்னு கர்த்தர் மோசேகிட்ட சொல்றாரு. மோசே கோபத்துல ஜனங்கள பாத்து, இந்த கன்மலைல இருந்து உங்களுக்கு நாங்க தண்ணி வரவைக்கணுமோன்னு கேட்டுட்டு கோலால ரெண்டு தடவ அடிக்கிறாரு. "நாங்க". அந்த ஒரு வார்த்தை. என்ன ஆச்சு? தண்ணி வந்துச்சு, அதுவும் ஏராளமா வந்துச்சு, ஜனங்களும் குடிச்சாங்க ஆடு மாடும் குடிச்சுது. ஆனா ஜனங்க கண்ணு முன்னாடி என்னைய பரிசுத்தம் பண்ணலன்னு சொல்லி, மோசேயும் ஆரோனும் அந்த ஜனங்கள வாக்குத்தத்த தேசத்துக்குள்ள கூட்டிட்டு போகமாட்டாங்கன்னு கர்த்தர் சொல்லிட்டாரு. அவ்ளோ வருஷம் வனாந்தரத்துல சுமந்த மனுஷன்! ரொம்ப ஓவர் தண்டனைன்னு முன்னாடி எனக்கு தோணும். இப்ப தோணல. தாகத்துல இருக்கிறவங்களுக்கு தேவன் தண்ணி குடுத்தாரு, அடிச்சவன் சரியா இருந்தான்னு இல்ல. 380 அடில வந்த தண்ணியும் அப்படித்தான் போல, பெரியப்பாவுக்கு தேவைப்பட்டுச்சு, வந்துச்சு.

பேதுருவ பாருங்க, அப்போஸ்தலர் 3-ல, சப்பாணி எழுந்து நடந்ததும் ஜனங்க ஓடி வர்றாங்க, எங்க சுயசக்தியாலயோ பக்தியாலயோ இவன நடக்க வச்ச மாதிரி ஏன் எங்கள பாக்குறீங்கன்னு அவரு மொத வார்த்தையே தன்னைய கழட்டி விடறாரு. சக்திய மட்டும் இல்ல, பக்தியையும் சேத்து. நாமெல்லாம் "எனக்கு சக்தி இல்ல"ன்னு ஈசியா சொல்லிடுவோம், "என் பக்திக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொல்ல வாய் வராது.

இப்ப சாட்சி சொல்றவங்களுக்கு நான் சொல்றது: ஜெபிச்சவர் சாட்சி சொல்லாதீங்க, யாருக்கு நடந்துச்சோ அவங்க சொல்லட்டும், அவங்களுக்கு விருப்பம் இருந்தா. சொல்லும்போது "நான்" எத்தன தடவ வருதுன்னு வீட்ல ஒரு தடவ சொல்லி பாத்துக்கங்க. அடி, இஞ்ச், ரிப்போர்ட் நம்பர் எதையும் கூட்டாதீங்க. நடக்காத ஜெபத்தையும் பத்துக்கு ஒண்ணாவது வெளிய சொல்லுங்க, அப்பதான் புதுசா வர்றவனுக்கு தன் வீட்ல மட்டும்தான் இப்படின்னு தோணாது. அப்புறம் "கர்த்தர் சொன்னாரு"ங்கிறத அடுத்தவன் காசு மேல வச்சு சொல்லவே சொல்லாதீங்க. நிலம், கல்யாணம், ஆபரேஷன், வெளிநாடு எதுலயும்.

2013-ல ஒகேனக்கல் குடிநீர் திட்டம் வந்துச்சு, ஃப்ளோரைடு தண்ணிய குடிச்சு பல்லு காவி கட்டுன தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் காவேரி தண்ணி. அதுக்காக எத்தன கெழவிங்க எத்தன வருஷம் முட்டி போட்டாங்களோ, ஒருத்தர் பேரும் வெளிய தெரியாது.

ஜெபக்குறிப்பு

அடுத்த வீட்டு கடன், டைவர்ஸ், பொண்ணு ஓடிப்போனது, இதெல்லாம் குரூப்ல போட்டா அது ஜெபக்குறிப்பு இல்ல, பொறணி. "ஒரு குடும்பத்துக்காக"ன்னு சொன்னா போதும், தேவனுக்கு அட்ரஸ் தெரியும்.

மாத்திரை

ஜெபிச்சாச்சுன்னு சொல்லி சுகர் மாத்திரைய நிறுத்த சொல்லாதீங்க. இதுல பேச ஒண்ணும் இல்ல.

எனக்கு இது வேணும் அது வேணும்ங்கிற லிஸ்ட்டோட ஆரம்பிக்கிறது

இயேசு சொல்லிக் குடுத்த பரமண்டல ஜெபத்துல தேவனோட நாமம், ராஜ்யம், சித்தம் மூணும் முடிஞ்சப்புறம்தான் சாப்பாடு வருது. அந்த வரிசைல போங்க.

மைக்

பதிமூணு பேருக்கு எதுக்குங்க மைக்கு. பக்கத்து வீட்ல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு இருக்கு.

அந்த ஓசூர் தம்பிக்கு போன் பண்ணி இந்த போர் கதைய முழுசா சொன்னேன், அரைமணி நேரம். அந்த குழி இன்னும் புளியமரத்துகிட்ட இருக்கு, மேல ஒரு பலகைக்கல்லு போட்டு மூடி வச்சிருக்காங்க, அந்தப் பக்கம் மோட்டார் வேலைக்கு போனா இன்னைக்கும் சுத்தி வேற வழியாத்தான் போவேன்னு அதையும் சொன்னேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "சரிங்கண்ணா, ஆனா இது ஸ்டேட்டஸ்தானே, நாளைக்கு தானா போயிடும்"ன்னான்.