உப்பிப்போன நியூட் குட்டி

ஜப்பானில் இருந்தபோது சிவப்பு வயிற்று நியூட் குட்டிகள் மூன்று வளர்த்தேன். அங்கே இமோரி என்பார்கள். பல்லி மாதிரி, ஆனால் ஈரத்தோல். ஆகஸ்டில் ஒன்றுக்கு வயிறு பலூனாக உப்பி, கால்கள் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் விரிந்து நின்றன. தீனி அதிகம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. மறுநாள் பார்த்தால் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி! இவற்றுக்கு 20-ஐ ஒட்டி இருந்தால்தான் நல்லது. கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சான அம்மோனியாவும் ஏறியிருந்தது.

சரி என்று அதைத் தனி டப்பாவில் ஈர டிஷ்யூ மேல் விட்டு, ஏசி அறையில் வைத்தேன். குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்த டிஷ்யூவைத் தினமும் மாற்றினேன். மீன் மருந்து ஊற்றக் கை பரபரத்தது, ஊற்றவில்லை. அப்புறம் கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் சொட்டு கொடுத்தார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்து, நறுக்கிய மண்புழுவை லபக்கென்று கவ்வியது.