கேன்சர் செல்னா வேகமா பிரியுற செல்னு எழுதிடாதீங்க

ப்ளஸ் ஒன் ஆன்சர் பேப்பர்லயும் ஃபேமிலி வாட்ஸ்அப் க்ரூப்லயும் செல் பிரியுறதப் பத்தி வர்ற தப்புங்க கிட்டத்தட்ட ஒண்ணுதான், என்ன, பேப்பர்ல மார்க் போகும், க்ரூப்ல பேஷண்ட்டோட நிம்மதி போகும்.

முதல்ல இந்த வெங்காய வேர் ப்ராக்டிகல். வேர் நுனிய வெட்டி, அசிட்டோகார்மைன்ங்கற சாயம் விட்டு, லேசா சூடு காட்டி, கவர் ஸ்லிப் மேல கட்டை விரலால அமுக்கி மைக்ராஸ்கோப்ல வச்சா பாதிப் பசங்க "சார், எதுவுமே பிரியல, ஸ்லைடு போச்சு"ன்னு பக்கத்துல இருக்கறவன் ஸ்லைட எட்டிப் பாப்பாங்க. ஸ்லைடு நல்லாத்தான் இருக்கு. செல் பெரும்பாலான நேரம் இன்டர்ஃபேஸ்லதான், அதாவது ஒரு தடவை பிரிஞ்சதுக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல இருக்குற கட்டத்துலதான் கிடக்கும், மனுஷ செல்லுக்கு ஒரு சைக்கிள் சுமார் 24 மணி நேரம்னா அதுல நெசமா பிரியுற கட்டமான மைட்டாசிஸ் ஒரு மணி நேரம்தான். அதுக்காக இன்டர்ஃபேஸ ரெஸ்ட் எடுக்குற நேரம்னு எழுதிடாதீங்க, டிஎன்ஏ மொத்தமும் காப்பி ஆகுறதே அப்பதான். டிஎன்ஏ டபுள் ஆச்சே, அப்ப குரோமோசோமும் 46லேர்ந்து 92 ஆயிருக்கும்னு அடுத்த வரியிலயே ஒரு தப்பு வரும் பாருங்க, அது ஆகாது. காப்பி ஆன ரெண்டு இழையும் (க்ரோமாடிட்) சென்ட்ரோமியர்ங்கற ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு இருக்குற வரைக்கும் கணக்கு 46தான், மைட்டாசிஸ்ல அனாஃபேஸ்ங்கற கட்டத்துல அது பிரியுறப்பதான் கொஞ்ச நேரத்துக்கு 92.

அப்புறம் கண்ணு செல்லுல கண்ணுக்கான ஜீன் மட்டும் இருக்கும், கல்லீரல்ல கல்லீரலுக்கானது மட்டும் இருக்கும்னு ஒரு நம்பிக்கை. ந்யூக்ளியஸையே தூக்கிப் போட்டுட்ட சிவப்பணு மாதிரி சிலத விட்டா, கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் அதே முழு செட்டுதான் இருக்கு, எது ஆன் எது ஆஃப்ங்கறதுலதான் வித்தியாசம். 1996ல டாலி ஆடு பொறந்ததே ஒரு வளர்ந்த ஆட்டோட மடி செல்லுலேர்ந்து எடுத்த ந்யூக்ளியஸ வச்சுதான், மடிக்கான ஜீன் மட்டும் இருந்திருந்தா முழு ஆடு எங்கேர்ந்து வந்திருக்கும்?

இப்ப கேன்சருக்கு வருவோம். "கேன்சர் செல் மத்த எல்லா செல்லையும் விட வேகமா பிரியும்", இதுதான் நான் அடிக்கடி பாக்குற தப்பு. உங்க குடலோட உள்தோல் மூணுலேர்ந்து அஞ்சு நாளுக்குள்ள மொத்தமா புதுசாயிடுது, எலும்பு மஜ்ஜை ஒரு செகண்டுக்கு 20 லட்சம் சிவப்பணு கிட்ட தள்ளுது, பல கேன்சர் கட்டிங்களுக்கு இந்த ஸ்பீடெல்லாம் கிடையாது. கீமோ போட்டா முடி கொட்டுறது, வாய்ப்புண்ணு, ப்ளட் கவுண்ட் இறங்குறது எல்லாம் இதனாலதான், பழைய கீமோ மருந்துங்க நிறைய பிரியுற செல்லப் பாத்து அடிக்குதே ஒழிய நல்லது கெட்டது தெரியாது.

கோளாறு நிக்காததுல இருக்கு. 1951ல பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில ஹென்றியெட்டா லாக்ஸ்ங்கறவங்களோட கருப்பைவாய் கேன்சர்லேர்ந்து, அவங்கள கேக்காமலேயே, எடுத்த ஹீலா செல் சுமார் ஒரு நாளைக்கு ஒருக்கா டபுள் ஆகும், லேப் தட்டுல வளர்ற சாதாரண தோல் செல்லும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனா தோல் செல் பக்கத்து செல்ல முட்டினா நின்னுடும், முட்டலேன்னாலும் 40லேர்ந்து 60 தடவை பிரிஞ்சதும் நின்னுடும் (1961ல ஹேஃப்லிக்ங்கற விஞ்ஞானி காட்டினது இது), ஹீலா ரெண்டுக்கும் நிக்காம இன்னிக்கும் உலகம் பூரா லேப்ல வளர்ந்துக்கிட்டே இருக்கு. அந்த ஹீலா செல்லுக்குள்ள எச்பிவி 18ங்கற, கருப்பைவாய் கேன்சர உண்டாக்குற வைரஸோட ஜீன் உக்காந்திருக்கு, அது பண்ற ப்ரோட்டீன், பி53ங்கற நம்ம செல்லோட சொந்த ப்ரோட்டீன அழிச்சுடும். டிஎன்ஏ அடிபட்டா "நில்லு, சரி பண்ணு, முடியலேன்னா செத்துப் போ"ன்னு செல்லுக்கு ஆர்டர் போடுறதே இந்த பி53தான், மனுஷ கேன்சர்ல ஏறக்குறைய பாதியில அந்த ஜீன் கெட்டுப் போயிருக்கும். கேன்சர் பேஷண்ட்டத் தொட்டா ஒட்டாது, தனித் தட்டு தனி டம்ளர் வைக்கிறது கொடுமை, ஆனா எச்பிவி ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குப் பரவும், அதுக்கு தடுப்பூசியும் இருக்கு, இத ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஒரு ம்யூட்டேஷன் (ஜீன்ல வர்ற மாற்றம்) வந்தா உடனே கேன்சர்னு பயப்படுறதும் தப்பு. பெரும்பாலும் பல வருஷமா ஒண்ணு மேல ஒண்ணு சேரணும், வயசானவங்களுக்கு அதிகமா வர்றதுக்கு அது ஒரு காரணம். அப்பா பீடி குடிச்சு நுரையீரல்ல வந்த ம்யூட்டேஷன் பிள்ளைக்குப் போகாது, முட்டையிலயோ விந்துலயோ இருந்தாத்தான் போகும். எல்லா கட்டியும் கேன்சர் இல்ல, ப்ளட் கேன்சர்ல பெரும்பாலும் கட்டியே இருக்காது.

கடைசியா சர்க்கரை. பெட் ஸ்கேன்ல குளுக்கோஸ் மாதிரி ஒண்ண ஊசியில ஏத்துனா பல கட்டிங்க அத அள்ளி இழுத்து ஸ்கிரீன்ல பளிச்சுனு தெரியும், அதப் பாத்துட்டு "சீனிய நிறுத்து, சோத்த நிறுத்து, கேன்சர் பட்டினியில செத்துடும்"னு ஃபார்வர்டு பண்றாங்க. அதே ஸ்கேன்ல மூளையும் பளிச்சுனுதான் தெரியும், ஏன்னா அதுவும் குளுக்கோஸ்லதான் ஓடுது. நீங்க சாப்பிடலேன்னா கல்லீரலே குளுக்கோஸ் தயார் பண்ணி ரத்தத்துல விடும், கட்டிக்கும் அதுலேர்ந்து பங்கு போகும், இளைக்கிறது பேஷண்ட்டுதான். எடை ரொம்ப இறங்குனா கீமோ டோஸக் குறைக்கவோ தள்ளிப் போடவோ வேண்டி வரலாம், அதனால யார் என்ன அனுப்புனாலும் சாப்பாட்ட நிறுத்துறதுக்கு முன்னாடி பாக்குற டாக்டர்கிட்டயோ டயட்டீஷியன்கிட்டயோ ஒரு வார்த்த கேட்டுடுங்க.