வெயிலில் வெட் பிளேட்: தூக்கிச் செல்லும் இருட்டுப் பெட்டி செய்வது எப்படி?

வெட் பிளேட் கொலோடியனை (கண்ணாடி பிளேட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கும் பழைய முறை) வீட்டில் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, கேமராவை வெளியே கொண்டுபோவது. பிளேட்டின் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து டெவலப்பும் செய்துவிட வேண்டும். குளிர் ஊரில் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கும். நம் சித்திரை வெயிலில் ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதனால் இருட்டறையும் கேமராவின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

1855-ல் கிரிமியப் போரைப் படம் எடுக்கப் போன ரோஜர் ஃபென்டன் ஒரு குதிரை வண்டியையே இருட்டறையாக மாற்றிக்கொண்டார். 1860-களில் இமயமலைக்குள் போன சாமுவேல் போர்ன் கூடாரத்தைச் சுமக்க ஆட்களை வைத்துக்கொண்டார். ஆனால் 1851-ல் இந்த முறையை வெளியிட்ட பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர், துணிக்குழாய் வழியே கையை நுழைத்து கேமராவுக்குள்ளேயே பிளேட்டைப் பதப்படுத்தும் வழி கண்டார். என் பெட்டியும் ஆர்ச்சர் வழிதான். கை மட்டும் உள்ளே, முகம் வெளியே. தலையைத் துணிக்குள் விட்டுக்கொள்ளும் பெட்டிகளை நம் ஊருக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். கொலோடியனில் இருக்கும் ஈதரின் ஆவியும் மூச்சுக்குள் போகும், வியர்வையும் பிளேட்டில் சொட்டும்.

கொலோடியன் ஊற்றுவது, கண்ணாடி துடைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உள்ளே என்ன வேண்டும்?

இருட்டு தேவைப்படும் வேலைகள் மூன்றுதான்: பிளேட்டை சில்வர் பாத்தில் (ஒளியுணர்வு தரும் சில்வர் நைட்ரேட் கரைசல்) இறக்கி எடுப்பது, ஹோல்டரில் (பிளேட்டைக் கேமராவில் பொருத்தும் ஒளி புகாத சட்டம்) போடுவது, படம் எடுத்த பிறகு டெவலப் செய்து தண்ணீரால் நிறுத்துவது. கொலோடியனை வெளியே, காற்றோட்டமான இடத்தில் ஊற்றுங்கள். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலும் வெளியேதான். இதை முடிவு செய்துவிட்டால் பெட்டி தானாகச் சிறியதாகிவிடும். 4×5 அங்குல பிளேட்டுக்கு 70 செ.மீ. அகலம், 50 ஆழம், 55 உயரம் போதும்.

பெட்டியும் கதவும்

6 மி.மீ. பி.டபிள்யூ.பி. (கொதிநீரும் தாங்கும்) பிளைவுட் வாங்குங்கள். மலிவு பிளைவுட் ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். மூலைகளில் உள்பக்கம் ரீப்பர் கட்டை வைத்து, தண்ணீர் தாங்கும் பசை போட்டு, ஸ்குரு முடுக்குங்கள். பின்பக்கப் பலகை முழுவதும் கீழ்நோக்கித் திறக்கும் கதவு. அதற்கு நீளமான பியானோ கீல். கதவு விளிம்பில் ஃபோம் ஒட்டுவதை விட, ரீப்பரால் இரண்டு படி வைப்பது நல்லது. ஃபோம் வெயிலில் நசுங்கிவிடும். படியில் ஒளி இரண்டு முறை திரும்பியாக வேண்டும். உள்ளே மேட் கறுப்பு பெயின்ட்.

கைக்குழாய்

முன்பலகையில் நடுவுக்கு நடு 38 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை. அவற்றில் 160 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுகளைப் பொருத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இரட்டைக் கறுப்புத் துணிக்குழாயைப் போட்டு கிளிப்பால் இறுக்குங்கள். மறுமுனையில் எலாஸ்டிக். துணி வெளிப்பக்கமே இருப்பதால் ஈர பிளேட்டில் உரசாது, கழற்றித் துவைக்கவும் முடியும். ஓட்டைகள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி மேசை போட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்பு ஜன்னல்

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது, எனக்கும் அதிக வேலை வைத்தது. கொலோடியனுக்குப் புற ஊதாவும் நீலமும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. ஆனால் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதெல்லாம் நீலத்தைத் தடுப்பதில்லை. அலங்காரத்துக்கு விற்கும் சிவப்பு செலோபேனைத் தொடவே வேண்டாம். அடர் சிவப்பு அக்ரிலிக் ஷீட் இரண்டடுக்கு வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: டார்ச் ஒளியை ஷீட் வழியே பழைய சிடி ஒன்றின் மேல் விழச்செய்து பாருங்கள். சிவப்பைத் தவிர நீலமோ பச்சையோ தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம்.

மேல்பலகையில் 15×10 செ.மீ. ஜன்னல் போதும். அது எட்டிப் பார்க்க மட்டும். சுற்றிலும் கறுப்புத் துணியால் மறைப்பு கட்டிவிடுங்கள். உள்ளே வெளிச்சத்துக்குச் சிவப்பு எல்இடி பட்டை. பவர் பேங்கும் சுவிட்சும் வெளியே இருக்கட்டும். ஈதர் ஆவி சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள், உள்ளே பொறி வரக்கூடிய எதுவும் வேண்டாம்.

ஈதர் ஆவி காற்றை விடக் கனமானது. அதனால் காற்றுத் துளைகளைக் கீழே வையுங்கள். முன்னால் கறுப்புப் பலகை மறைத்தபடி இருந்தால் ஒளி நுழையாது. ஒவ்வொரு பிளேட்டுக்குப் பிறகும் கதவைத் திறந்துவிடுங்கள்.

தரையும் இட ஒதுக்கீடும்

இடது பக்கம் சில்வர் பாத், வலது பக்கம் டெவலப்பரும் தண்ணீரும். நடுவில் 15 செ.மீ. உயரத் தடுப்பு. இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு சொட்டு டெவலப்பர் தெறித்தாலும் பாத் கெட்டுவிடும். டெவலப் செய்யும் முன் பாத்தின் மூடியைப் போட்டுவிடுங்கள். தரையில் தெரியும் ஸ்குரு தலைகளை சிலிக்கானால் மூடுங்கள். இரும்பு பட்டால் வெள்ளி படியும். இரு பக்கமும் தனித்தனி பிளாஸ்டிக் ட்ரே.

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சில்வர் நைட்ரேட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

சோதனை

பெட்டிக்குள் ஒளி கசிகிறதா என்று அறிய, பிளேட்டின் மேல் காசு வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஈர பிளேட்டில் உலோகம் பட்டால் அதுவே கறை. அதற்குப் பதில், சில்வர் பாத்திலிருந்து எடுத்த பிளேட்டின் ஒரு பாதிக்கு மேல், படாமல், கறுப்பு அட்டையை இரண்டு பாட்டில் மூடிகள் மீது பாலமாக வையுங்கள். பெட்டியை மூடி, வெயிலில், எல்இடி எரிய, மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு பதினைந்து விநாடி டெவலப் செய்து ஹைப்போவில் போடுங்கள்.

திறந்த பாதி மட்டும் வெளுத்திருந்தால் ஒளி கசிகிறது. எல்இடியை அணைத்து ஒருமுறை, ஜன்னலை மூடி ஒருமுறை, கைக்குழாயைக் கட்டி ஒருமுறை என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே அளவு வெளுத்திருந்தால் பெரும்பாலும் ரசாயன மூட்டம், அதாவது ஒளி படாமலே ரசாயனக் கோளாறால் வரும் வெளுப்பு. பாத்தின் அமிலத்தன்மையைப் பாருங்கள், பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயம். மே மாதத்தில் கொலோடியன் பாட்டில் திறக்கும்போது சீறுகிறது என்றார் ஒருவர். ஈதர் 34.6 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். ஐஸ் பெட்டியில் எடுத்துப்போய், மெதுவாகத் திறவுங்கள். டெவலப்பரையும் அதே பெட்டியில் வைக்கலாம். சூடான டெவலப்பர் கட்டுக்கு அடங்காத வேகத்தில் வேலை செய்யும். அசெட்டிக் அமிலத்தைச் சற்றுக் கூட்டினாலும் வேகம் குறையும்.

இன்னொருவருக்கு பிளேட்டின் ஓரங்கள் காய்ந்து கறை விழுகிறது. ஹோல்டரில் பிளேட்டின் பின்பக்கம் ஈரமான ஒற்றுத்தாளை வையுங்கள். தண்ணீர் சொட்டக்கூடாது, பிழிந்த ஈரம் போதும். காய்ச்சி வடித்த தண்ணீராக இருக்கட்டும்.