லீவுக்குப் போன நாட்டில் கராத்தே கிளாஸா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கராத்தே கிளாஸுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் உள்ளே கிராமப் பக்கம் போனால் நம் ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறையும் சிலம்பமும் சொல்லித்தரும் ஆசான்கள் இன்னும் இருக்கிறார்கள். வளைகுடாவிலோ மலேசியாவிலோ சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத வீடும் இந்த மாவட்டத்தில் குறைவு. அதனால் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிற பிள்ளைகளும் பெரியவர்களும் பெட்டியில் ஒரு செட் உடுப்பையும் வைத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் போன இடத்தில் சங்கடம் வருவது பெரும்பாலும் அடிதடியால் அல்ல, நம் வகுப்பில் சரி என்றிருப்பதை அங்கேயும் சரி என்று நினைப்பதால்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது முதல் தவறு. இங்கே ஆசான் வீட்டு முற்றத்தில் போய் நின்றால் யாராவது உள்ளே கூப்பிடுவார்கள். ஐரோப்பாவில் பல கிளப்புகளுக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று மாலை ஏதாவது பள்ளிக்கூட ஹாலில் நடத்துவார்கள், பள்ளிக்கு லீவு விட்டால் ஹாலுக்கும் பூட்டுதான். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் இதைக் கேட்காமல் உடுப்பைச் சுமந்து போவதில் அர்த்தமில்லை. வளைகுடாவில் ரம்ஜான் மாதத்தில் நேரமே மாறி, இரவு வெகு நேரம் கழித்து வகுப்பு வைப்பதும் உண்டு. கிளம்பும் முன்பே நாலு வரி எழுதிவிடுங்கள்: எந்த முறை பயில்கிறீர்கள், எத்தனை வருடமாக, எந்தத் தேதியில் வருவீர்கள், கட்டணம் எவ்வளவு, வந்தால் சேர்ந்து பயில விடுவார்களா, உட்கார்ந்து பார்க்க மட்டுமா. உங்கள் மாஸ்டரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். ஜப்பானில் பழைய டோஜோக்களில் (பயிற்சிக் கூடங்களில்) அவர் எழுதித்தரும் ஒரு அறிமுகக் கடிதத்துக்குத் தனி மரியாதை. கராத்தே பிறந்த ஓகினாவா தீவுக்குப் போகிறவர்களுக்கு வேறு வசதியும் இருக்கிறது. 2017-ல் தொமிகுசுகு நகரில் திறந்த ஓகினாவா கராத்தே கைகானில் ஒரு தகவல் மையம் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பொருத்தமான டோஜோவை அவர்களே காட்டிக்கொடுக்கிறார்கள்.

அடுத்தது பெல்ட். ஒரே சங்கத்தின் கிளை என்றால் உங்கள் நிறத்தைக் கட்டிக்கொள்ளலாம். முறை வேறு என்றால் பையில் ஒரு வெள்ளை பெல்ட்டும் இருக்கட்டும், எதைக் கட்டுவது என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். கராத்தேயில் பிளாக் பெல்ட் வாங்கியவராக இருந்தாலும் தரையில் கட்டிப்புரண்டு மோதும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கிளப்பில் வெள்ளைதான். அங்கே வெள்ளைக்கு அடுத்த நீலம் வாங்கவே சாதாரணமாக ஒன்றிரண்டு வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு கலர், பதினோரு வயதில் பிளாக் என்று போகிற நம் ஊர் வேகத்தை அங்கே பெருமையாகச் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்கள், ஆனால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பெயர்க் குழப்பமும் வரும். கராத்தேயில் ஷிட்டோ-ரியூ என்ற முறையைப் படித்தவர், ஷோட்டோகான் என்ற வேறு முறையின் கிளப்புக்குப் போகிறார் என்று வையுங்கள். 'ஹெயான் ஷோதான்' என்று ஒரு கட்டாவின் (தனியாகச் செய்து காட்டும் அசைவு வரிசையின்) பெயரைச் சொன்னதும், நமக்குத் தெரிந்த பினான் ஷோதான்தானே என்று ஆரம்பித்தால் ஹாலில் எல்லோரும் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஷோட்டோகானைத் தோற்றுவித்த ஃபுனாகோஷி இந்தக் கட்டாக்களின் பெயரை மாற்றியபோது முதல் இரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார், அதனால் பினான் நிதான்தான் அங்கே ஹெயான் ஷோதான். இந்த மாதிரி இடத்தில் பின்வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்வதே புத்திசாலித்தனம். 'எங்கள் வகுப்பில் இப்படி இல்லையே' என்று திருத்தப் போவதைவிடப் பெரிய தவறு கிடையாது.

இனி உடம்பு விஷயம். வெளியே யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் அதிகம் முகம் சுளிப்பது இதற்குத்தான். அடிமுறையில் எண்ணெய் தேய்த்துப் பயில்வது வழக்கம். கராத்தே பிள்ளைகளுக்கும் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து அனுப்பாவிட்டால் அம்மாமார்களுக்கு மனசு ஆறாது. ஆனால் கட்டிப்புரளும் கலைகளில் எண்ணெய் உடம்போடு மேட்டில், அதாவது பயிற்சி மெத்தையில், இறங்குவது பெரிய குற்றம். பிடி வழுக்கும், மேட்டில் ஒட்டும், அடுத்தவர் உடுப்பும் கெடும். போட்டி விதிகளிலேயே அதற்குத் தடை இருக்கிறது. அன்றைக்குத் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டுப் போங்கள். நகத்தை வெட்டுங்கள். கையில் கட்டிய மந்திரித்த கயிறு, கழுத்தில் ஜெபமாலை, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாணை மறந்துவிடுவோம், அதில்தான் எதிராளியின் விரல் மாட்டும்.

படர்தாமரை இருந்தால் போகவே கூடாது. நம் ஊர் வேர்வைக்கு அது சகஜம் என்று விட்டுவிடுகிறோம். அங்கே ஒருவருக்கு வந்தால் கிளப் முழுக்கப் பரவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிக் காட்டுமே தவிர, நோய் போகாது, நாள்பட இன்னும் பிடிவாதமாகிவிடும். பயணத்துக்குப் பல வாரம் முன்பே தோல் டாக்டரைப் பார்ப்பதுதான் வழி.

செருப்பு விஷயத்தில் எல்லாமே தலைகீழ். களரியில் வெளியே கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு நுழைந்தால் முடிந்தது. மேட் கிளப்பில் செருப்பை மேட்டின் ஓரம் வரை கொண்டுவர வேண்டும். பாத்ரூமுக்கு வெறுங்காலோடு போய்விட்டு அதே காலோடு மேட்டில் ஏறினால், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பயிற்சியாளரின் முகம் மாறிவிடும்.

சரி, ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. விருந்தாளி அடி வாங்குவதும், அடித்து வெறுப்பை வாங்குவதும் இங்கேதான். தாய்லாந்தின் குத்துச்சண்டைக் கலையான முவே தாய் கேம்ப்களில் காலையும் மாலையும் பயிற்சி இருக்கும், ஆனால் ஸ்பாரிங் பெரும்பாலும் பூப்போலத் தொட்டு விளையாடுவதுதான். அவர்கள் அடிக்கடி உண்மையான போட்டிக்குப் போகிறவர்கள், பயிற்சியில் உடம்பைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதை பலவீனம் என்று எடுத்துக்கொண்டு ஓங்கி ஒரு உதை விட்டால், அடுத்த உதை எந்த வேகத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. ரிங்கில் ஏறும் முன் எப்படி ஏறுவது என்றும் கேளுங்கள். சில பழைய கேம்ப்களில் பெண்கள் கீழ்க்கயிற்றுக்கு அடியில்தான் நுழைய வேண்டும். பாங்காக்கின் லும்பினி அரங்கில் பெண்கள் மோதவே 2021-ல்தான் வழி பிறந்தது. இதெல்லாம் நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பிடிக்காவிட்டால் ஏறாமல் வந்துவிடலாம், அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. ஜுடோ, ஜியு-ஜிட்சுவில் பூட்டு விழுந்ததும் எதிராளியைக் கையால் தட்டி, விட்டுக்கொடுக்கிறேன் என்று காட்டிவிடுங்கள். ரோஷம் பார்த்தால் முழங்கைதான் போகும்.

கன்னியாகுமரிக்காரர் என்று தெரிந்தால் சிலர் 'வர்மம் தெரியுமா, என் மேல் காட்டு' என்பார்கள். பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்று கணக்குச் சொல்லி வாயடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இளக்குமுறை (வர்மம் பட்டவரை மீட்கும் சிகிச்சை) தெரியாத கையோடு அந்நிய நாட்டில் ஒருவர் கழுத்தில் விரல் வைப்பது வீரம் அல்ல. உங்கள் ஆசான் கேள்விப்பட்டால், "மக்கா, இனி இந்தப் பக்கம் வராதே" என்பார், அதிலும் நியாயம் இருக்கும்.

பெட்டிக்குள் என்ன வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சிலம்பக் கம்பைக் கையோடு விமானத்துக்குள் விட மாட்டார்கள். நீளமான சாமானாகப் பதிவு செய்ய முடியுமா என்று விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிட்டுத் திருவனந்தபுரம் போங்கள். கம்பு போன இடத்திலும் கிடைக்கும். சுருள்வாள் வேண்டவே வேண்டாம். சங்கிலியால் இணைத்த இரட்டைக் கம்பான நுஞ்சாக்கு கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். எல்லாவற்றையும்விட மோசம் அசல் மான்கொம்பில் செய்த ஆயுதம்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் நாட்டு ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இன்சூரன்ஸைப் படித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். ஆனால் தற்காப்புக் கலையில் வரும் காயத்தைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன. கிளப்பில் கையெழுத்து வாங்கும் தாளில், அடிபட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எலும்பு முறிவுச் செலவு யார் தலையில் என்று புரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, ஆசான்மாருக்கும் சிலம்பம் நன்றாகச் சுழற்றும் இளைஞர்களுக்கும். விசிட் விசாவில் போயிருக்கும்போது, 'ஒரு வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், ஏதாவது தருகிறோம்' என்று அங்குள்ள நம்மவர்களே அன்பாகக் கேட்பார்கள். காசு கைமாறினால் அது வேலை, விசிட் விசாவில் வேலை செய்தால் மாட்டுவது கேட்டவர் மட்டுமல்ல, நீங்களும்தான். வெற்றிலையில் வைத்துத் தட்சிணையாகக் கொடுத்தாலும் குடியேற்ற அதிகாரிக்கு அது சம்பளம்தான்.