வேனுக்குள் குடியிருப்பவருக்கு கேஸ் கணக்கு: ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும்?

அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரை ஒட்டிய காட்டில் வேனை நிறுத்தியிருந்த ஒரு நவம்பர் இரவு, அரிசி பாதி வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டரில் மாட்டியிருந்த அழுத்தமானியின் முள் அன்று காலையில்கூடப் பச்சைப் பகுதியில்தான் நின்றது. அதை நம்பித்தான் கடைத்தெருவை விட்டு அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அந்த முள் காட்டுவது அழுத்தத்தை மட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை, சிலிண்டரில் இருக்கும் கேஸான புரோப்பேனின் அழுத்தம் வெயிலில் கூடும், குளிரில் குறையும். அளவு குறைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. திரவம் தீர்ந்த பிறகுதான் முள் விழும். அதற்குள் அடுப்பும் அணைந்துவிடும். ஆகவே கேஸை எடைபோட்டுத்தான் அறிய வேண்டும்.

முதல் படி: சிலிண்டரின் கழுத்தைப் படியுங்கள்

அமெரிக்காவில் வேன்வாசிகள் பெரும்பாலும் வைத்திருப்பது 20 பவுண்டு சிலிண்டர், அதாவது சுமார் 9 கிலோ கேஸ் பிடிப்பது. கைப்பிடி வளையத்தில் எழுத்துகள் பொறித்திருக்கும். டி.டபிள்யூ. என்பதற்குப் பக்கத்தில் இருப்பது வெற்று எடை, பெரும்பாலும் 17 பவுண்டை ஒட்டி இருக்கும். நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டரிலும் வெற்று எடை எழுதியிருக்கும் அல்லவா, அதே வழக்கம்தான். தயாரித்த மாதமும் ஆண்டும் அங்கேயே இருக்கும். 12 ஆண்டு கடந்த சிலிண்டரை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பித்தர மாட்டார்கள். பழைய சிலிண்டர் மலிவாகக் கிடைத்தால் முதலில் இந்தத் தேதியைப் பாருங்கள்.

இரண்டாம் படி: எடைபோடுங்கள்

பயணப் பெட்டியைத் தொங்கவிட்டு எடைபார்க்கும் சிறு கொக்கித் தராசு போதும். வால்வை மூடி, குழாயைக் கழற்றி, சிலிண்டரைத் தொங்கவிடுங்கள். தராசு 31.5 காட்டினால், வெற்று எடை 17 போக மிச்சம் 14.5 பவுண்டு கேஸ்.

மூன்றாம் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

திங்கள் காலை எடை, அடுத்த திங்கள் காலை எடை. இடையில் என்ன சமைத்தீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று இரண்டு வரி. எனக்கு, ஒருவனுக்கு இரண்டு வேளைச் சமையலும் காபியும் சேர்த்து வாரத்துக்கு 2.5 பவுண்டு ஆகிறது. முழுச் சிலிண்டர் எட்டு வாரம் வரும். உங்கள் கணக்கு வேறாக இருக்கும், அதனால்தான் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

நான்காம் படி: ஹீட்டரைத் தனியாகக் கணக்கிடுங்கள்

ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ஒரு பவுண்டு புரோப்பேன் ஏறத்தாழ 21,600 பி.டி.யு. (அமெரிக்காவில் வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். கையடக்க ஹீட்டரைக் குறைந்த அளவில், மணிக்கு 4,000 பி.டி.யு.வில் வைத்து, மாலையில் மூன்று மணி நேரமும் காலையில் ஒரு மணி நேரமும் எரித்தால் நாளுக்கு 16,000. அது முக்கால் பவுண்டு, வாரத்துக்கு ஐந்து பவுண்டுக்கும் மேல். சமையலுக்கு மட்டும் எட்டு வாரம் வந்த சிலிண்டர், இப்போது சமையலும் ஹீட்டரும் சேர்ந்து 18 நாளில் காலி.

இன்னொன்றும் உண்டு. புரோப்பேன் எரியும்போது தன் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் நீராவியை வெளிவிடும். புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் மேலே சொன்ன நான்கு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் வேனுக்குள்ளேயே சேரும். விடிந்ததும் முன்கண்ணாடியில் வழிந்து, மெத்தையின் அடிப்பக்கத்தை நனைப்பது அதுதான். குளிர் என்று ஜன்னலை முழுக்கச் சாத்தாதீர்கள். இரு பக்கமும் விரல்கடை அளவு திறந்திருக்கட்டும். அந்த ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. உடலுக்குச் சூடு வேண்டுமானால் நல்ல தூக்கப்பையும் வெந்நீர் பாட்டிலும் இருக்கின்றன.

ஐந்தாம் படி: மிச்சப்படுத்துங்கள்

ஃபிளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், பருப்போ வேக வெகுநேரம் ஆகும். சிறிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்குங்கள். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். காற்றடிக்கும் இடத்தில் அடுப்பைச் சுற்றித் தடுப்பு வையுங்கள், ஆனால் சிலிண்டர் அந்தத் தடுப்புக்குள் சிக்கிச் சூடாகக் கூடாது.

ஆறாம் படி: நிரப்புவது எங்கே

காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும் இடங்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும், லேபிளைப் படியுங்கள். மிச்சமிருந்த கேஸும் அவர்களுக்கே போய்விடும். எடுத்துப்போன சிலிண்டரையே கேலன் (சுமார் 3.8 லிட்டர்) கணக்கில் நிரப்பித்தரும் இடங்களே நமக்கு லாபம். காலியாகப் போனால் 4.7 கேலன் பிடிக்கும். தராசில் மிச்சம் ஐந்து பவுண்டு என்று தெரிந்ததும் போய்விடுங்கள்.

மாட்டும்போது ஒவ்வொரு முறையும் சோப்பு நுரையை இணைப்பில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையை ஒட்டியே பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் காட்டும் கருவி அதோடு தனியாக ஒன்று. சிலிண்டரை நிமிர்த்தியே, வெளியே காற்றுப்போக்கி உள்ள பெட்டியில் வையுங்கள்.

வண்டியைக் கிளப்பும் முன் வால்வை மூடுங்கள், போகும் வழியையும் பாருங்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரை நகரமான பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் செல்லும் இரு சுரங்கப் பாதைகளிலும் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரோப்பேன் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. முன்பு அதே துறைமுகத்துக்கு மேலே சென்ற கீ பாலத்தின் வழியாகப் போய்விடலாம். 2024 மார்ச்சில் அது இடிந்து விழுந்த பிறகு, நகரைச் சுற்றிச் செல்லும் 695 சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகத்தான் சுற்றிப் போக வேண்டும்.