இதயச் செயலிழப்பு உள்ளவருக்குச் சமைக்கிறீர்களா? உப்பை அளந்து போடுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்

மாமனாருக்கு ஹார்ட் ஃபெயிலியர் என்று தெரிந்த அன்றே உப்பு ஜாடியை ஒளித்து வைத்துவிட்டேன். இரண்டே வாரத்தில் அவர் தட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தார். நான் செய்த தவறை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதில்லை. உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் அது திணறுகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்கிக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும்.

படி 1: எடை பாருங்கள்

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில். காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 2: உப்பைக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்

மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால், பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே முக்கால் டீஸ்பூன் உப்பைத் தலைதட்டி ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, அவருடைய சமையலுக்கு அதிலிருந்து மட்டும் போடுங்கள். குழம்பு, கூட்டு எதுவானாலும் உப்பு போடும் முன் அவர் பங்கைத் தனியாக எடுத்துவிடலாம். இட்லி மாவிலும் அப்படியே. எலுமிச்சை, மிளகு, சீரகம், வதக்கிய பூண்டு இருந்தால் நாக்கு ஓரளவு சமாதானமாகும்.

அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் எல்லாம் கிண்ணக் கணக்கையே கவிழ்த்துவிடும். ஆப்பசோடா கரிக்காது, ஆனால் உப்பில் இருக்கும் சோடியம் அதிலும் உண்டு. இந்துப்பு நல்லது என்று சொந்தக்காரர்கள் வாங்கி வருவார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டை அதைவிட எச்சரிக்கையாகப் பாருங்கள். பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். தினமும் இளநீர் கொடுப்பதற்கு முன்னும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

அதற்காக உப்பே இல்லாமல் செய்துவிடாதீர்கள். 2022-ல் வெளிவந்த சோடியம்-ஹெச்எஃப் ஆய்வில், சோடியத்தை நாளுக்கு 1,500 மில்லிகிராமுக்கு (உப்புக் கணக்கில் சுமார் 3.8 கிராம்) கீழே கொண்டுவர முயன்ற குழுவினருக்கு வாழ்க்கைத் தரம் கொஞ்சம் மேம்பட்டது. இறப்பும் மருத்துவமனைக்குப் போவதும் குறிப்பிடும்படி குறையவில்லை.

படி 3: சாப்பிட வையுங்கள்

எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான். குடலிலும் ஈரலிலும் நீர் கோத்துக்கொள்வதால் நாலு வாய்க்கே வயிறு நிறைந்துவிடும். ‘அடம் பிடிக்கிறார்’ என்று நானும் சண்டை போட்டிருக்கிறேன். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும், வெளியே வீக்கம் அதை மறைக்கும், மெஷினில் எடை அப்படியே நிற்கும். அதனால் கால் பக்கம் மட்டும் பார்க்காமல் நெற்றிப்பொட்டு, கழுத்தெலும்பு, மேல்கை எல்லாவற்றையும் பாருங்கள். வீக்கம் வடிந்த 60 கிலோ ஆள் ஒரு வருடத்துக்குள் 57 ஆகிவிட்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் புரதம் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.1 கிராமாவது தேவை. 60 கிலோ ஆளுக்கு 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 30 கிராம் பாசிப்பருப்பில் 7, 100 கிராம் மீனில் சுமார் 20. வெறும் ரசம் சாதத்தில் இது தேறாது.

சாப்பிட்டும் சோர்வு போகவில்லையென்றால், உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை பெரிதாக உதவுவதில்லை, நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கலாம். அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாராவாரம் ஒரே அளவாக இருந்தால் போதும்.

படி 4: தண்ணீர்

மருத்துவர் கட்டுப்பாடு சொல்லியிருந்தால் மட்டுமே இது. ஒன்றரை லிட்டர் என்றால் காலையில் அந்த அளவு பாட்டிலை நிரப்பி வையுங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அன்றைக்கு அவர் இன்னும் குடிக்கக்கூடியது.