படைப்பணி முடித்து விளையாட்டு மேலாண்மை படிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினெட்டு, பத்தொன்பது வயதில் இந்தியத் தரைப்படையில் சிப்பாயாகச் சேரும் ஓர் இளைஞர், ஓய்வூதியத்துக்குத் தேவையான பதினைந்து ஆண்டுகளைக் கடந்து மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஊர் திரும்பும்போது நாற்பது வயதைத் தொட்டிருக்க மாட்டார். வங்கிக் காவலர் வேலை, தனியார் பாதுகாப்பு நிறுவனம் என்ற வழக்கமான பாதைகளை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு விளையாட்டு மேலாண்மை இயல்பாகவே கண்ணில் படுகிறது. காலையில் பி.டி., மாலையில் கேம்ஸ், ஆண்டுதோறும் படைப்பிரிவின் கம்பெனிகளுக்கிடையே போட்டிகள் என்று வாழ்ந்தவர்களுக்கு மைதானம் அந்நியமான இடம் அன்று. தமிழ்நாட்டிலேயே 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் நடந்தன. இவற்றைப் போன்ற நிகழ்வுகளுக்கு வீரர்களைப் போலவே, திட்டமிட்டு நடத்தத் தெரிந்தவர்களும் வேண்டும்.

இந்த விருப்பத்தோடு வருபவர்களை நான் முழுமனதுடன் ஊக்குவிக்கிறேன். ஆனால் அவர்கள் தடுக்கி விழும் இடம் வகுப்பறைக்குள் இருப்பதைவிட, வகுப்பறைக்கு வந்து சேர்வதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பதினைந்து ஆண்டுப் பணியைப் பட்டமாக எண்ணுவது

மிகுந்த இழப்பைத் தரும் தவறு இதுவே. பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றிய முன்னாள் படைவீரர்களை, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் சில மத்திய அரசுக் குரூப் 'சி' பணிகளுக்குத் தகுதியுடையவர்களாகக் கருதலாம் என்று 1986-இல் மத்திய அரசு ஒரு விதியை வகுத்தது. அந்த விதியின் அடிப்படையில் தரப்படும் சான்றிதழைப் படையினர் பேச்சுவழக்கில் 'கிராஜுவேஷன் சர்டிபிகேட்' என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. அது வேலைவாய்ப்புக்கான ஒரு சலுகை. பல்கலைக்கழகம் வழங்கிய பட்டம் அன்று. விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. சேர்க்கைக்கு வருகிறவரிடம் பல்கலைக்கழகம் கேட்பது குறைந்தது மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பும், அதில் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு மதிப்பெண்ணும்தான். கையில் அந்தச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு சேர்க்கைக் கவுன்ட்டருக்கு முன்னால் நிற்கும் ஹவில்தாரின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான், இந்தச் செய்தியைப் பணியில் இருக்கும்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் புரியும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சிக்கலும் உண்டு. பத்தாம் வகுப்போடு படையில் சேர்ந்தவர்கள், பிளஸ் டூ படிக்காமலே நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுவிடலாம் என்று நினைப்பதுண்டு. அவ்வாறு பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசு தன் பணி நியமனங்களுக்கு ஏற்பதில்லை என்பதை 2009-இல் வெளியான அரசாணை தெளிவாக்கியிருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகங்கள், விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் போன்ற அரசு அமைப்புகளில் பணி என்பது இந்தப் படிப்பை நாடுகிறவர்களின் கனவுகளில் ஒன்று என்பதால், 10, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை குலையாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. பிளஸ் டூவைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகவும், பட்டத்தை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகவும் பணியில் இருந்தபடியே முடிக்க முடியும். அதற்குத் தாம் பணியாற்றும் படைப்பிரிவான யூனிட்டின் அனுமதியை எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், டிஸ்சார்ஜுக்கு ஆறு மாதம் இருக்கும்போது இதைப் பற்றி யோசிப்பது காலம் கடந்த யோசனை.

சான்றிதழ்ப் படிப்பையும் பட்டப்படிப்பையும் ஒன்றாகக் கருதுவது

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள மறுவாழ்வுத் தலைமை இயக்ககம், அதாவது எல்லோரும் டி.ஜி.ஆர். என்று சொல்லும் அமைப்பு, ஓய்வை நெருங்கும் படையினருக்குப் பயிற்சிகளை நடத்துகிறது. அதிகாரிகள் பெயர்பெற்ற மேலாண்மை நிறுவனங்களில் 24 வாரங்கள் பயிலும் படிப்புகளும் இவற்றுள் அடங்கும். இவை பயனுள்ளவை, கணக்கு, சந்தைப்படுத்தல், மனிதவளம் ஆகியவற்றின் அடிப்படையை அறிமுகப்படுத்துபவை. ஆயினும் இவை எம்.பி.ஏ.க்கு ஈடானவை அல்ல. விளையாட்டு மேலாண்மையை முறையாகப் படிக்க விரும்புகிறவர், சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் 2005 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களையும், வெளிமாநிலம் செல்ல முடியுமானால் குவாலியரின் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம், புனேயின் சிம்பயாசிஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். பட்டம், முதுநிலை டிப்ளமோ, சான்றிதழ் ஆகிய மூன்றில் எதை எந்த நிறுவனம் தருகிறது என்பதை விளம்பரத்தில் அன்றி, அந்த ஆண்டுக்கான சேர்க்கை அறிவிப்பில் படித்துத் தெரிந்துகொள்வதே நல்லது.

இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி பல்கலைக்கழகங்களுக்கும், அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. ஏதோ ஒரு தனியார் அகாடமி, தொலைதூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லித் தன் கட்டடத்தில் எம்.பி.ஏ. நடத்துவதாகச் சொன்னால், அந்தப் பட்டத்தில் யாருடைய முத்திரை இருக்கும், அந்த ஏற்பாட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது. ஓய்வுக்காலப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் மாதத்தில்தான் இத்தகைய அழைப்புகளும் வந்து சேர்கின்றன.

விளையாடத் தெரிந்ததால் நடத்தவும் தெரியும் என்று நம்புவது

இந்தியப் படைகள் இந்த நாட்டுக்குத் தந்த விளையாட்டு வீரர்களின் வரிசை பெருமைக்குரியது. தயான் சந்த் 1956-இல் மேஜராக ஓய்வுபெற்றார். மில்கா சிங்கை ஓட்டக்காரராக வளர்த்தது தரைப்படை. ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004 ஏதென்ஸிலும், விஜய் குமார் 2012 லண்டனிலும் துப்பாக்கிச் சுடுதலில் வெள்ளி வென்றபோது இருவரும் படைப்பணியில் இருந்தவர்கள். நம் லால்குடிப் பகுதியைச் சேர்ந்த ஓட்டக்காரர் ஆரோக்கிய ராஜீவும் படைவீரரே. இந்த மரபைக் கண்டு வளர்ந்தவர்கள், விளையாட்டுத் துறை என்றாலே பயிற்றுநர் பணி என்று எண்ணுவது இயல்பு. பயிற்றுநராக வேண்டும் என்பதே ஒருவரின் உண்மையான ஆசையானால், அவர் போக வேண்டிய இடம் பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம். உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படிக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு மேலாண்மை வகுப்பில் சேர்ந்து, முதல் பருவத்திலேயே கணக்கியலும் புள்ளியியலும் வரும்போது ஏமாற்றமடைவது வீணான துயரம்.

விளையாட்டு மேலாண்மை எதைப் பற்றியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையாயின. டிக்கெட் விற்பனையால் கிடைப்பது இதற்குப் பக்கத்தில்கூட வராது. அந்த உரிமை எவ்வாறு தொலைக்காட்சி, இணையம் என்று பிரித்து ஏலம் விடப்படுகிறது, அந்தப் பணம் அணிகளுக்கு எப்படிப் பகிரப்படுகிறது, விளம்பரதாரர் எதற்காகச் சட்டையின் மார்புப் பகுதிக்கு அதிகம் கொடுக்கிறார் என்பவைதான் பாடம். இவற்றோடு சட்டமும் சேர்கிறது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், கூட்டமைப்புகளை அங்கீகரிக்க ஒரு வாரியத்தையும், தகராறுகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்த வழிசெய்கிறது. ஒரு மாநிலச் சங்கத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேரப் போகிறவருக்கு, தொடு கோட்டின் அளவைவிட இந்தச் சட்டத்தின் பிரிவுகள் முக்கியமாகிவிடும்.

பணக்கணக்கில் பிழை செய்வது

முன்னாள் படைவீரர் என்பதால் தமக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கேந்திரிய சைனிக் போர்டு எனப்படும் மத்தியப் படைவீரர் வாரியத்தின் வழியாக வழங்கப்படும் பிரதமர் கல்வி உதவித்தொகை முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், படைவீரரான கணவரை இழந்த பெண்களுக்கும் உரியது. படைவீரருக்கே உரியது அன்று. எனவே படிப்புக்கால இரண்டு ஆண்டுகளையும் பென்ஷனைக் கொண்டே நடத்த வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, பென்ஷனில் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாகக் கிடைக்கும் கம்யூட்டேஷன் பணம் முழுவதையும் வீடு கட்டுவதில் போட்டுவிடாமல் இருப்பது நல்லது.

அக்னிவீரர்களின் நிலை வேறு. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் என்ற குறுகியகாலப் படைச்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிவில் வெளியேறுகிறவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. சேவா நிதியாக மொத்தமாகக் கிடைக்கும் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயில், வட்டி நீங்கலான தொகையில் பாதி அவர்களுடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் அந்தத் தொகையோடு வருகிறவர்களுக்கு வயது பெரிய வரம். அவர்கள் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டை நம்பி விண்ணப்பிக்காமல், மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திலிருந்தே முறையாகத் தொடங்கலாம்.

காகிதங்களைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

யூனிட் அணியில் ஆடியதற்கும், பிரிகேட் அளவிலான போட்டியில் ஏற்பாட்டுப் பொறுப்பு வகித்ததற்கும் ஆதாரமாகும் சான்றிதழ்கள் அந்தந்த யூனிட்டில்தான் கிடைக்கும். யூனிட் ராஜஸ்தானிலிருந்து அருணாசலத்துக்கு மாறிய பிறகு, கடலூரில் உட்கார்ந்துகொண்டு அவற்றைக் கேட்டுப் பெறுவது மிகக் கடினம். டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்பதையும் பணியில் இருக்கும்போதே சரிபார்த்து, வேறுபாடு இருந்தால் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத் திருத்திக்கொள்ள வேண்டும். தமிழில் முதலெழுத்தாக நிற்கும் தந்தை பெயர் படை ஆவணங்களில் விரித்து எழுதப்பட்டு, அதனால் சேர்க்கை தாமதமாவது நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி நேரும் தொல்லை.

தன்விவரக் குறிப்பு எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 'குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார்' என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் உணவு, உடை, தளவாடம், போக்குவரத்து ஆகியவற்றைக் கணக்குப் பிழையின்றி நிர்வகித்தவர் என்று எழுதினால், போட்டி நடத்தும் நிறுவனம் அவரை உடனே அழைக்கும். ஏனெனில் ஒரு போட்டியின் பெரும்பகுதி வேலை இதுதான்.

கட்டளையிடும் பழக்கத்தை மைதானத்துக்குக் கொண்டுவருவது

படிப்பின் ஒரு பகுதியாக வரும் களப்பயிற்சியில், பதினைந்து வயது இளையவர் ஒருவர் மேற்பார்வையாளராக இருப்பார். அதை மனத்தளவில் ஏற்றுக்கொள்ளாதவர்கள் சில வாரங்களிலேயே விலகிவிடுகிறார்கள். இன்னும் நுட்பமான சிக்கல் தன்னார்வலர்களிடம் எழுகிறது. மாநில அளவிலான ஒரு போட்டியில் வீரர்களை அழைத்து வருவது முதல் தண்ணீர் கொடுப்பது வரை பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டிய கடமையும் இல்லை. குரலை உயர்த்தினால் மறுநாள் வர மாட்டார்கள். காரணத்தைச் சொல்லி, நன்றி சொல்லி, நேரத்துக்கு உணவு கொடுத்து வேலை வாங்குவதைக் கற்றுக்கொள்ள வேண்டும். சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்கும் இடைநிலையில் இருக்கும் நல்ல ஜே.சி.ஓ.க்கள் தம் இளைய ஜவான்களிடம் இதை ஏற்கெனவே செய்திருப்பார்கள் என்பதால், அவர்களுக்கு இது விரைவில் கைவந்துவிடுகிறது.

கடைசியாக, இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பைப் பற்றி. வகுப்பில் உள்ள இளைஞர்கள் பெரும்பாலும் கிரிக்கெட் விளம்பரங்களைப் பற்றி எழுதுவதால், முன்னாள் படைவீரரும் தம் பழைய வாழ்க்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அதே தலைப்பை எடுக்கிறார். சிறுவயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பள்ளிக் கல்வியோடு விளையாட்டுப் பயிற்சியும் தரும் தரைப்படையின் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனிகள் எப்படி நடத்தப்படுகின்றன, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளோடு ஒப்பிட்டால் உணவிலும், பயிற்சி நேரத்திலும், இடைநிற்றலைத் தடுக்கும் முறையிலும் என்ன வேறுபாடு என்று ஆராய, அந்த வகுப்பில் அவரைவிடப் பொருத்தமானவர் இருக்க மாட்டார். படை நிறுவனத்தைப் பற்றி எழுத முறையான அனுமதி பெற வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகலாம். எனவே அந்த விண்ணப்பத்தை இரண்டாம் பருவத்திலேயே அனுப்பிவிட வேண்டும்.